மைனரின் வயிறு

மைனருக்கு வயிற்றில் புண் என்று டாக்டரம்மா முதல்முறை சொன்னபோது ஆண்ட்ரூஸ் சிரித்துவிட்டான். வயிற்றுப் புண் என்றால் நேரத்துக்குச் சாப்பிடாமல் டீயாகக் குடித்துத் திரிகிற சிமெண்டு லாரி டிரைவர்களுக்கு வரும். மண்டபத்துக்கு மண்டபம் ஜரிகைத் துணி போர்த்திக்கொண்டு ஆடுகிற குதிரைக்கு வருமா? நாலு மாதம் கழித்து அதே டாக்டரம்மா அதே வேப்பமரத்தடியில் நின்று, "திரும்ப வந்துருக்குங்க" என்றபோது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏலாக்குறிச்சிக்குப் பக்கம், கொள்ளிடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆண்ட்ரூஸின் வீடு. மைனர் வெள்ளைக் குதிரை, ஒன்பது வயது. செண்டை மேளம் காதில் விழுந்தால் போதும், முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கிக் கழுத்தை வளைத்து ஒரு ஆட்டம் ஆடும் பாருங்கள், கிழவிகள்கூட விசில் அடிப்பார்கள். அரியலூர், பெரம்பலூர் இரண்டு ஜில்லாவிலும் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் எடுத்து வந்தால் முன்னால் ஒரு குதிரை ஆடியாக வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆடுகிற குதிரைகளில் மைனர்தான் பேர்போனது. ஆண்ட்ரூசுக்குச் சோறு போடுவதும் அதுதான், ஊரில் நாலு பேர் மதிப்பதும் அதனால்தான்.

அந்த மைனர் வைத்த கொள்ளுத் தீனியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பல்லை நறநறவென்று கடித்தது. யாரோ விலாவில் கிள்ளியதுபோலத் திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்த்தது. சேணப் பட்டையை இறுக்கப் போனால் கடிக்க வந்தது. முதல்முறை பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, ஒரு மாதம் மருந்து கொடுத்து, ஆறிவிட்டது என்று மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருந்தார்கள். மெழுகுவர்த்தி பாவம் என்ன செய்யும்?

டாக்டர் பிரவீணா இந்தமுறை ஊசியை எடுக்கவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்துவிட்டார்.

"மருந்து புண்ண ஆத்தும். திரும்ப வராம பாத்துக்கறது மருந்து கையில இல்லங்க. ஒரு நாளைக்கு என்னென்ன குடுக்குறீங்க, எப்பெப்ப குடுக்குறீங்க, காலைலேர்ந்து சொல்லுங்க."

"காலைல ஒரு படி கொள்ளு, ராத்திரி ஒரு படி. நடுவுல புல்லு, தவுடு. குதிரைக்கு ஒரு கொறையும் வைக்கலங்க டாக்டரம்மா. நாங்க பழையத தின்னாலும் அதுக்குக் கொள்ளு தப்பாது" என்றான் ஆண்ட்ரூஸ்.

ஜெயராணி மாட்டுக்கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். புருசன் பேசி முடிக்கட்டும் என்று பொறுத்திருந்தவள், முடித்ததும் தொடங்கினாள்.

"ஒண்ணு சொல்லணும் டாக்டரம்மா. இவரு சொல்ல மாட்டாரு. ஃபங்சன் இருந்தா மொத நா சாயங்காலத்துலேர்ந்து அதுக்குப் பட்டினி."

"பட்டினியா?"

"சாணி போட்ரும்னு."

ஆண்ட்ரூஸ் தரையைப் பார்த்தான். பதினாறு வருசத்துக்கு முன்னால், ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு கல்யாணத்தில், அவனுடைய முதல் குதிரை சீர்த்தட்டு வரிசைக்கு நட்டநடுவே வாலைத் தூக்கிவிட்டது. பெண் வீட்டுக்காரர் ஒருவர் அத்தனை பேர் முன்னிலையில், "குதிரைய வளக்கத் தெரியாதவன்லாம் எதுக்குடா கயித்தப் புடிக்கிற" என்று கேட்டார். அன்றைக்கு எடுத்த முடிவு. விசேஷத்துக்குப் போகிற குதிரை வயிற்றில் ஒரு கைப்பிடி புல்லும் இருக்கக்கூடாது. முகூர்த்த மாதம் வந்தால் வாரத்தில் நாலு நாள் மைனருக்கு உபவாசம்தான். அந்தத் தவக்காலத்தில் ஈஸ்டர் வராது.

டாக்டரம்மா கோபப்படுவார் என்று நினைத்தான். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"குதிரை வயிறு நம்ம வயிறு மாதிரி இல்லங்க. நமக்குச் சோத்தக் கண்டாத்தான் புளிப்புத் தண்ணி நெறைய ஊறும். இதுக்கு ராப்பகலா ஊறிக்கிட்டே இருக்கும், தின்னாலும் தின்னாட்டியும். புல்ல மென்னுக்கிட்டே இருந்தா எச்சி எறங்கி அந்தப் புளிப்ப அடக்கும். புல்லும் மேல மெத்தையாட்டம் கெடக்கும். நீங்க காலி வயித்தோட மூணு மணி நேரம் ஆட வுடுறீங்க. உள்ள இருக்குற தண்ணி மேல தளும்பி வயித்துச் செவுத்த அரிக்குது."

"அரைக்கொடத்தத் தூக்கிட்டு ஓடுனா தளும்பத்தானே செய்யும்" என்றாள் ஜெயராணி, தனக்குத்தானே சொல்வதுபோல.

"அதேதான். இன்னொரு தடவ வந்து புண்ணு ஆழமாப் போச்சுன்னா நான் உங்களுக்கு வாக்கு குடுக்க முடியாது."

அதற்குப் பிறகு ஆண்ட்ரூஸ் எதையும் எதிர்த்துப் பேசவில்லை. கொள்ளைப் பாதியாகக் குறைத்து மூன்று வேளையாகப் பிரித்தார்கள். கொள்ளிடத்து மீன்காரரிடம் கிழிந்த வலை ஒன்றை வாங்கிவந்து ஜெயராணி பையாகப் பின்னினாள். அதில் கடலைக்கொடியையும் புல்லையும் அடைத்து மூஞ்சிக்கு நேரே கட்டித் தொங்கவிட்டால் மைனர் ராத்திரி முழுக்க ஒவ்வொரு இணுக்காக உருவித் தின்றுகொண்டிருக்கும். கிணற்றடியில் நாலு பாத்தி குதிரைமசால் விதைத்தார்கள். ஆடப் போவதற்கு அரைமணி முன்னால் அதில் ஒரு கட்டுக் கொடுங்கள், அது புளிப்பை முறிக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். குதிரையின் பேரையே வைத்திருக்கிற தழையைப் பதினாறு வருசமாகக் குதிரைக்குப் போடாமல் இருந்தோமே என்று ஆண்ட்ரூஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

இன்னொன்றும் டாக்டரம்மா சொன்னார். ஜோடிக் குதிரையைப் போன வருசம் விற்றதிலிருந்து மைனர் தனியாக நிற்கிறது, அந்தக் கவலையும் வயிற்றுக்கு ஆகாது.

"இன்னொரு குதிரைக்கு நான் எங்கங்க போவேன்?"

"குதிரையாத்தான் இருக்கணும்னு இல்ல. ஆடு ஒண்ணு கூட நின்னாலும் போதும்."

ஆடு இருந்தது. ஜெயராணி வளர்த்த செம்பழுப்புக் கிடா, பேர் ஏட்டு. குட்டியாக இருந்தபோதே வாசலில் நின்று போலீஸ் ஏட்டு மாதிரி வருவோர் போவோரை மேலும் கீழும் பார்க்குமாம், அதனால் வந்த பேர். மைனர் பக்கத்தில் கட்டிய முதல் நாள் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் நாள் ஏட்டு குதிரையின் காலடியில் படுத்து அசை போட்டது. பத்தாம் நாள் ஏட்டை மேய்ச்சலுக்கு அவிழ்த்தால் மைனர் கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றி வந்து கனைத்தது. தை பிறப்பதற்குள் மைனரின் தோல் பளபளத்தது. பல் கடிப்பது நின்றது. ஜெயராணி அதன் விலாவைத் தடவிக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

தை கடைசியில் முதல் விசேஷம் வந்தது. ஆலத்தியூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற சிங்காரவேலு, தங்கச்சி மகள் சண்முகப்பிரியாவின் காதுகுத்துக்கு அரியலூர் மண்டபத்தில் சீர் எடுக்கிறான். விடிகாலையில் மைனரைக் குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். ஏட்டும் ஏறியது. வலைப்பை, மசால் கட்டு, வாளி எல்லாவற்றோடும் ஜெயராணியும் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். நெல் துழாவுகிற ஜனங்களைத் தாண்டி டிரைவர் வண்டியை மெதுவாக ஓட்டினான். பின்னால் மைனர் தின்றுகொண்டே வந்தது. ஆண்ட்ரூஸ் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"ஜெயா, இவ்ளோ தின்னுட்டு அங்க போயி..."

"போட்டா போடட்டும். போடாம இருந்தாத்தான் ஆஸ்பத்திரி."

ஊர்வலம் எட்டரைக்குக் கிளம்பியது. முன்னால் செண்டை, அடுத்து மைனர், பின்னால் பட்டுப்புடவைப் பெண்கள் நூற்றியொரு தட்டோடு. பலாப்பழம், பொம்மை, வெள்ளிக் கொலுசு, ஒரு ஆள் உயரத்துக்குச் சாக்லேட் கோபுரம். குதிரைக்கும் தட்டுகளுக்கும் நடுவில் மாலை போட்ட கறுப்புக் கிடா ஒன்று. ஆண்ட்ரூஸ் ஒரு கையில் கடிவாளமும் மறு கையில் ஏட்டின் கயிறுமாக நடந்தான். அரை வருசமாக ஆடாத குதிரை, ஆசை தீர ஆடியது. சிமெண்டுத் தூசி படிந்த கடைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

மண்டப வளைவுக்குப் பத்தடி இருக்கும்போது, ட்ரோன் கேமரா நேர் மேலே வட்டமடிக்கிற நேரமாகப் பார்த்து, மைனர் வாலைத் தூக்கியது.

பதினாறு வருசமாக ஆண்ட்ரூஸ் எதற்குப் பயந்தானோ அது தாராளமாக, ஆவி பறக்க, கம்பளத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. ஜெயராணி தண்ணீர் பிடிக்க முன்னாலேயே மண்டபத்துக்குள் போயிருந்தாள். பின்னால் சீர்க்கிடாவை ஓட்டி வந்த பச்சைச் சட்டைக்காரரிடம், "ஒரு நிமிசம் இதப் புடிங்க" என்று ஏட்டின் கயிற்றைத் திணித்துவிட்டு, கடிவாளத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு, கிடைத்த அட்டையால் அள்ளி அள்ளி ஓரத்தில் போட்டான். வேர்த்துக் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தால் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் தாண்டிப் போனார்கள். மேளக்காரர் ஒருவர் அடித்துக்கொண்டே ஒதுங்கினார். அவ்வளவுதான். எவனோ ஒருத்தன் என்றைக்கோ திட்டியதற்காக இந்த வாயில்லா ஜீவனை இத்தனை வருசம் காயப்போட்டோமே என்று ஆண்ட்ரூசுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

அட்டையை எறிந்துவிட்டுத் திரும்பினால் பச்சைச் சட்டைக்காரர் இல்லை. ஏட்டும் இல்லை. மண்டபத்துக்குள் மைக் முழங்கியது.

"தாய்மாமன் சிங்காரவேலு கொண்டாந்த சீர் வரிசை. தட்டு நூத்தியொண்ணு. கெடா ரெண்டு."

ஜெயராணி வாளித் தண்ணீரோடு வந்து வைத்தாள். "ஏட்டு எங்க?" என்றாள். அவன் உள்ளே கையைக் காட்டினான். அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் புருசனை ஒரு பார்வை பார்த்தாள். அதில் இருந்த வசவுகளை எழுத ஒரு நோட்டு வேண்டும்.

மைனர் தலையை உயர்த்திக் கனைத்தது. பதில் வரவில்லை. இன்னொருமுறை கனைத்தது. ஜெயராணி வலைப்பையைக் காட்டினாள், திரும்பவில்லை. மசாலைக் காட்டினாள், மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. காலால் தரையைப் பறித்தது. பிறகு மெதுவாகக் கழுத்தைத் திருப்பித் தன் விலாவைப் பார்த்தது.

"பாக்குது பாருங்க. பழையபடி பாக்குது" என்றாள் ஜெயராணி. குரல் உடைந்திருந்தது.

ஆண்ட்ரூஸ் சமையல் கொட்டகைக்கு ஓடினான். ஏட்டு கழுத்தில் யாரோ போட்டுவிட்ட சாமந்தி மாலையோடு கம்பத்தில் கட்டுப்பட்டு நின்று, கறி வெட்டும் செல்லக்கண்ணுவை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தது. செல்லக்கண்ணு கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது சீர்க்கெடா இல்ல. குதிரையோட ஆடு."

"குதிரைக்கு எதுக்குய்யா ஆடு?"

"தொணைக்கு."

செல்லக்கண்ணு தீட்டுவதை நிறுத்திவிட்டு அவனை நன்றாகப் பார்த்தார். காலையிலேயே குடித்திருக்கிறானோ என்று சந்தேகம்.

"மாலை போட்டு மைக்குல சொன்ன கெடா. யாரு கேட்டாலும் நான் அவுக்க மாட்டேன். மதியப் பந்திக்குக் கறுப்புக் கெடாவே போதும், இது சாயங்காலத்துக்குத்தான். அதுக்குள்ள கேக்க வேண்டியவங்களக் கேட்டுட்டு வா."

சிங்காரவேலு மணவறை ஓரத்தில் பட்டு வேட்டியில் நின்றிருந்தான். விசயத்தைக் கேட்டதும் ஆண்ட்ரூசைத் தூண் மறைவுக்கு இழுத்துப் போனான்.

"அண்ணே, தெரியாமத்தான் நடந்துச்சு. ஆனா இப்ப ஒண்ணும் செய்ய முடியாதுண்ணே. அந்தா நிக்கிறாங்க பாருங்க, எந் தங்கச்சியோட நாத்தனாரு ராசாத்தி. வளைகாப்பு சீர் அன்னிக்குச் சபையில வச்சு, தட்டுதான் நெறைய, தட்டுல ஒண்ணுமில்லன்னாங்க. அஞ்சு வருசமா எந் தங்கச்சி அந்தப் பேச்சக் கேட்டுக்கிட்டு இருக்கா. இன்னிக்கு ரெண்டு கெடான்னு மைக்குல சொன்னதும் அவ மூஞ்சியப் பாத்தீங்களா? அத ஒண்ணாக்கச் சொல்றீங்களா? வேற நல்ல கெடாவா நாளைக்கே வாங்கித் தரேன்ணே."

ஆண்ட்ரூஸ் பார்த்தான். தங்கச்சி வளர்மதி மகளை மடியில் வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே மைனர் கனைப்பது கேட்டது. இரண்டு பக்கமும் நியாயமாக இருந்தால் மனுசன் எங்கேதான் போவான்?

அவன் தயங்கி நிற்கையில் ஜெயராணி அவனைத் தாண்டிப் போனாள். நேராக ராசாத்தியிடம் போய் நின்றாள். ராசாத்தி ஐம்பது வயதுக்காரி, இடுப்பில் சாவிக்கொத்து, பார்வையிலேயே எடை போடுகிறவள்.

"அக்கா, ஒரு நிமிசம் வெளில வாங்க. ஒண்ணு காட்டணும்."

"என்னம்மா காட்டப் போற?"

"வந்து பாருங்கக்கா."

என்ன தோன்றியதோ, ராசாத்தி வந்தாள். ஆண்ட்ரூஸ் பயந்துகொண்டே பின்னால் போனான். மைனர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. ஜெயராணி ஒன்றையும் மறைக்கவில்லை. பட்டினி போட்டது, புண் வந்தது, ஆறியது, மறுபடி வந்தது, ஆடு துணைக்கு வந்தது, பச்சைச் சட்டைக்காரர் கூட்டிப் போனது எல்லாவற்றையும் சொன்னாள்.

"குதிரைக்கு அல்சரா?" என்றாள் ராசாத்தி.

"ஆமாக்கா."

"எனக்கும் அல்சருதான்." ராசாத்தி குதிரையின் பக்கம் ஒரு எட்டு வைத்தாள். "சனிக்கெழம சனிக்கெழம கல்லங்குறிச்சி பெருமாளுக்கு வெரதம். விசேசம்னா பச்சத் தண்ணி பல்லுல படாது. ராத்திரில எரியும் பாரு, நெஞ்சுலேர்ந்து தீய வச்சாப்ல. இதுவும் அப்படித்தான் வயித்தப் பாத்து நிக்குதா?"

"இதுக்குச் சொல்லத் தெரியலக்கா. நமக்குச் சொல்லத் தெரியுது."

ராசாத்தி குரலைத் தாழ்த்தினாள்.

"இங்க பாரும்மா. சீர்ல வந்தது திரும்பிப் போவாது, அது எங்க வழக்கம். போனா எந் தம்பி பொண்டாட்டிக்குத்தான் கேவலம். நாளப்பின்ன நானே சொல்லிக் காட்டுவேன், என் வாய் அப்படி."

ஆண்ட்ரூஸ் மைனர் பக்கம் திரும்பினான். ராசாத்தி தொடர்ந்தாள்.

"ஆனா மேளக்காரருக்குத் துண்டு போடுறோம், சமையக்காரருக்கு வேட்டி குடுக்குறோம். எங்க வாசல்ல வந்து ஆடுன குதிரைக்கு நாங்க மரியாத செய்யக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

சொல்லிவிட்டு விடுவிடுவென்று உள்ளே போனாள். மைக்கைப் பிடித்திருந்தவர் கையிலிருந்து அதைப் பறித்தாள். மண்டபம் முழுக்க அவள் குரல் கணீரென்று கேட்டது.

"எல்லாரும் கேளுங்க. மாமன் வூட்டு சீர் கொறையில்லாம வந்து சேந்துச்சு. மாமன் ரெண்டு கெடா கொண்டாந்தாரு, நாங்க மனசு நெறஞ்சு வாங்கிக்கிட்டோம். அதுல ஒண்ண, எங்க வூட்டுப் புள்ளைக்காக வந்து ஆடுன குதிரைக்கு எங்க வூட்டு மரியாதையாக் குடுக்குறோம்."

கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. குதிரைக்குக் கிடா கொடுத்த கதையை அந்த ஜனம் அதுவரை கேட்டதில்லை. வளர்மதி நாத்தனாரைப் பார்த்த பார்வையில் அஞ்சு வருசத்துக் கசப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. சிங்காரவேலு கண்ணைத் துடைத்துக்கொண்டே செண்டைக்காரர்களுக்குக் கை காட்டினான். மேளத்தோடு, மாலையோடு, செல்லக்கண்ணு கயிற்றைப் பிடித்துவர ஏட்டு மண்டபத்தின் நடுவே நடந்து வந்தது. பந்தோபஸ்துக்கு வந்த தோரணையில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தது.

மைனர் மூச்சை நீளமாக விட்டது. ஏட்டின் முதுகை மோந்தது, காதை மோந்தது. கழுத்து மாலையிலிருந்து ஒரு சாமந்தியைப் பிடுங்கி மென்றது. இன்னொன்றைப் பிடுங்கியது. பிறகு வலைப்பைப் பக்கம் திரும்பிக் கடலைக்கொடியை உருவத் தொடங்கியது. ஆண்ட்ரூசுக்கு அழுகை வந்துவிட்டது. ஊர் பார்க்கிறதே என்று அவன் அதை மறைக்கவும் இல்லை. ஜெயராணி அவன் தோளில் ஒரு அடி வைத்தாள், செல்லமாகத்தான், ஆனால் வலித்தது.

காது குத்தி முடிந்தது. சண்முகப்பிரியா புதுத் தோட்டோடு, அழுத கண்ணோடு, குதிரையில் ஏற வேண்டும் என்று மாமன் தோளில் உட்கார்ந்து வாசலுக்கு வந்துவிட்டாள். அவள் பின்னால் மொத்த மண்டபமும் வந்தது. வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"அண்ணே, குதிரையக் கொண்டாங்க. வெயில் ஏறிட்டா படம் நல்லா வராது."

பழைய ஆண்ட்ரூஸ் என்றால் வாயிலிருக்கும் புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கடிவாளத்தை மாட்டியிருப்பான்.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்குங்க" என்றான்.

"எவ்ளோ நேரமாவும்?"

"அரைமணி ஆவும்."

வீடியோக்காரர் ராசாத்தியைப் பார்த்தார். ராசாத்தி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து நிழலில் போட்டு உட்கார்ந்தாள்.

"அது சாப்பிட்டு முடிக்கட்டும்" என்றாள். "நாம இருப்போம்."

அவள் உட்கார்ந்ததைப் பார்த்து இன்னும் நாலு பேர் நாற்காலி இழுத்தார்கள். மாமன் மருமகளோடு படியில் உட்கார்ந்தான். செண்டைக்காரர்கள் செண்டையைக் கீழே இறக்கிவைத்தார்கள். பட்டுப்புடவைகளும் பட்டு வேட்டிகளுமாக நூறு பேருக்கு மேல் வாசலில் காத்திருந்தார்கள். மைனர் அவசரப்படவேயில்லை.